திண்ணைப் பள்ளியில் வளர்ந்த நினைவாற்றல்

“எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் இவன் மண்டையிலே நிக்க மாட்டேங்குது வாத்தியாரே!” என்று பெற்றோர் பலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. நினைவாற்றல் பிறக்கும்போதே வாங்கி வந்த வரம், அது இல்லாத பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பது அவர்கள் எண்ணம். நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. அன்றாடப் பழக்கத்தால் நினைவை வளர்க்கலாம் என்று கண்டு, அதற்கென்றே பள்ளியில் நேரம் ஒதுக்கினார்கள். அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய தமிழகக் கிராமங்களில் திண்ணைப் பள்ளிக்கூடங்களே இருந்தன. பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். அடுத்த எழுத்து எழுத வேண்டுமென்றால் முந்தியதை அழித்தாக வேண்டும். ஆகவே படித்தது மனத்திலேதான் நிற்க வேண்டும். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் எல்லாம் வாய்ப்பாடமாகவே வந்தன. ஒன்றில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பிள்ளைகள் மனக்கணக்குப் போட்டார்கள்.

தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம்முடைய ‘என் சரித்திரம்’ நூலில் தாம் படித்த திண்ணைப் பள்ளியைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே ஓர் அழகான பழக்கம் இருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் பூ, பறவை, விலங்கு, ஊர் என்று ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார். திரும்பி வந்ததும் அதை மறவாமல் சொல்ல வேண்டும். செலவில்லாத பயிற்சி! விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் தாண்டி அந்தப் பெயரைப் பிள்ளை பத்திரமாகக் கொண்டுவர வேண்டும்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அப்பள்ளிகளின் வழக்கம். அப்படிச் சொல்லிக் கொடுப்பவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். 1789இல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளி ஒன்றுக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதிப் படிக்கும் நம் பிள்ளைகளைக் கண்டு அம்முறைகளைக் கைக்கொண்டார். 1797இல் அதைப் பற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது அங்கே பரவியது.

இப்பழக்கத்தின் உச்சியைக் காண வேண்டுமானால் அவதானக் கலையைப் பார்க்க வேண்டும். முதுகில் எறியும் கற்களை எண்ணுவது, மணியோசையைக் கணக்கு வைப்பது, கேட்ட ஈற்றடிக்கு வெண்பா பாடுவது என்று பல வேலைகளை ஒரே சமயத்தில் நினைவில் நிறுத்துவதே அவதானம். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு அவதானங்களைச் செய்து காட்டிச் சதாவதானி என்று பெயர் பெற்றார். 2008இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? கற்றதைத் திருப்பிப் பார்க்காவிட்டால் முதல் நாளிலேயே பெரும்பகுதி மறந்துபோகும் என்று ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் 1885இல் எழுதினார். உடனடி நினைவில் ஏறக்குறைய ஏழு செய்திகளே தங்கும் என்று அமெரிக்கரான ஜார்ஜ் மில்லர் 1956இல் எடுத்துக் காட்டினார். நாலுதான் என்று கூறுவோரும் பின்னர் வந்தார்கள். எப்படியும் குடம் சிறியதுதான். பழக்கத்தால் குடம் பெரிதாவதில்லை. மொண்டு ஊற்றும் முறை திருந்துகிறது.

நிற்க. திண்ணைப் பள்ளியில் எல்லாமே நன்மை என்று சொல்லிவிட முடியாது. பிரம்படியும், கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டமும் அங்கே இருந்தன. அதைவிடப் பெரிய கொடுமை, தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் இடமே இல்லை. கப்பலேறி இந்த மண்ணுக்குப் பால்மரம் வெட்ட வந்தவர்களில் பலர் அந்த மக்களே. ஆனாலும் எழுத்தறியாத நம் பாட்டிமார் தாலாட்டையும் ஒப்பாரியையும், ஏழு தலைமுறை உறவு முறையையும் நெஞ்சிலேயே வைத்திருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கா நினைவாற்றல் இல்லை?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையை ‘மக்கு’ என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைத்தான் அவன் முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்கிறான். அதற்குப் பதிலாகச் சில பழக்கங்களைக் கொண்டுவாருங்கள். கடைக்கு அனுப்பும்போது நாலு சாமான் பெயரை வாயாலே சொல்லி அனுப்புங்கள், சீட்டு வேண்டாம். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்துச் சொல்லப் பழக்குங்கள். ராத்திரி சாப்பிடும்போது, “இன்னிக்கு என்னப்பா படிச்சே?” என்று கேளுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல் அவன் சொல்லட்டும். தம்பி தங்கைக்கு அவனே பாடம் சொல்லிக் கொடுக்கட்டும். நேரத்தோடு படுக்க வையுங்கள். படித்தது உறக்கத்தில்தான் ஊறும்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குவோருக்கு வாழ்த்துகள். வாங்காதவர்களுக்கு ஒன்று சொல்வேன். இன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு பூவின் பெயரை மனத்தில் எடுத்துச் செல்லுங்கள். நாளைக் காலையில் அதை மறவாமல் சொல்லுங்கள். நம் பாட்டன்மார் பலருக்குக் கிடைக்காத பள்ளி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பழக்கம் ஒன்றுதான் பாக்கி.