நீரடி ஒலித்தொடர்பில் தரவு மோதல் தவிர்ப்பு

நீரடி ஒலித்தொடர்பில் தரவு மோதல் தவிர்ப்பு என்பது, கடலுக்கடியில் ஒரே ஒலித்தடத்தைப் பகிரும் மோடம்களின் தரவுப் பொதிகள், பெறும் கருவியை ஒரே நேரத்தில் அடைந்து சிதையாதபடி காக்கும் நெறிமுறைகளைக் குறிக்கும். ரேடியோ அலைகளைக் கடல்நீர் விரைவாக உறிஞ்சிவிடுவதால், கடலடி உணரிகளும் ஆளில்லா நீர்மூழ்கிகளும் நெடுந்தொலைவுத் தொடர்புக்கு ஒலியையே பயன்படுத்துகின்றன.

மோதலுக்கான காரணம்

கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். ரேடியோ அலையின் வேகத்தில் ஏறத்தாழ 2 லட்சத்தில் ஒரு பங்கு. 3 கிலோமீட்டரைக் கடக்க 2 நொடி ஆகிறது. எனவே, தடம் அமைதியாக இருக்கிறதா என்று கேட்டறிந்து அனுப்பும் முறை இங்கு முழுப் பலன் தராது. வேறொரு கருவி அனுப்பிய பொதி அப்போது வழியில் இருக்கலாம். மோதல் பெறுமிடத்தில்தான் நிகழ்கிறது. அதனால் அனுப்பிய நேரத்துடன் தொலைவும் கணக்கில் சேர்கிறது.

தவிர்ப்பு முறைகள்

1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ரேடியோ வலையமைப்புக்காக இயங்கத் தொடங்கிய அலோகா முறையில், நினைத்தபோது அனுப்பலாம். ஆனால் தடத்தின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4% மட்டுமே பயன்படும். காலத்தைச் சமகூறுகளாகப் பிரித்து, கூறின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பினால் இது 36.8% ஆகும். நீரடியில் பொதிகள் தொலைவுக்கேற்பத் தாமதித்துச் சேர்வதால், கூறுகளுக்கிடையே காப்பு நேரம் விடாவிட்டால் இந்த ஆதாயம் கிடைக்காது.

மோலின்ஸ், ஸ்டோயானோவிச் ஆகியோர் 2006இல் முன்வைத்த நெறிமுறையில், அனுப்ப அனுமதி கோரும் குறும்பொதியும் அதற்கான மறுமொழியும் கூறின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பப்படும். அந்தக் கூறு முடிவதற்குள் அவை சுற்றிலும் உள்ள கருவிகளை எட்டிவிடுமளவுக்குக் கூறின் நீளம் அமையும். மோதல் குறைந்தாலும், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் காத்திருப்பு கூடுகிறது. 2017இல் நேட்டோ ஏற்ற ஜானஸ் தரத்தில், ஒலித்தடத்தை முன்பதிவு செய்யும் வசதி பொதியிலேயே உண்டு.

தாமதத்தின் பயன்

1.5 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு மோடம்கள் ஒரே நேரத்தில் ஒரு நொடிக்கு மிகாத பொதிகளை அனுப்பினால், இரண்டும் அனுப்பி முடித்த பிறகே எதிர்ப்பொதி வந்து சேரும், மோதல் இல்லை. இவ்வாறு தாமதத்தையே பயன்படுத்தி அட்டவணை அமைத்தால், ஒற்றைத் தடத்தின் வழக்கமான எல்லையைவிடக் கூடுதல் தரவை அனுப்பலாம் என்று மந்தார் சித்ரே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012இல் நிறுவினர். இதற்குத் தொலைவுகள் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். கடிகாரங்களும் ஒத்தியங்க வேண்டும். ஆகவே இம்முறை நகரும் ஊர்திகளைவிட, கடற்தரையில் நிலையாகப் பொருத்திய கருவிகளுக்கே எளிதாகப் பொருந்துகிறது.