பகலின் வெயிலைச் சுமந்தவர்கள்

ஆக்ராவைக் காண விரும்புவோர் குளிர்காலத்தில் செல்ல வேண்டும் என்பது பயணம் அறிந்தவர்கள் கூறும் அறிவுரை. நாங்கள் சென்றதோ ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில். பள்ளி விடுமுறையும் புகைவண்டிப் பயணச்சீட்டும் ஒத்து வந்த நாள்கள் அவைதாம்.

வெயில் நமக்குப் புதிதன்று. ஆயினும் கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு நண்பகல் கடந்தால் கடற்காற்று வரும் என்ற நம்பிக்கை உண்டு. ஆக்ராவில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. முற்பகலிலேயே ‘லூ’ என்று அவ்வூரார் அழைக்கும் மேற்குக் காற்று வீசத் தொடங்குகிறது. பாலை நிலத்தின் வெப்பத்தையும் புழுதியையும் வாரிக்கொண்டு வரும் அக்காற்றில் நின்றால் வியர்வையும் தங்குவதில்லை. நாவும் உதடும் உலர்ந்துபோகின்றன. யமுனை மெலிந்து ஓர் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. ஆறு விட்டுச் சென்ற மணற்பரப்பில் வெள்ளரிக் கொடிகள் படர்ந்திருந்தன. நடுவண் ஆசியாவிலிருந்து வந்து இந்நகரில் ஆட்சியை நிறுவிய பாபர் மன்னரும் இந்நாட்டின் வெப்பத்தையும் புழுதியையும் பற்றித் தம் வாழ்க்கைக் குறிப்பில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவர் தோட்டங்களை அமைத்து ஆறுதல் தேடிக்கொண்டார்.

தாஜ்மகாலை விடியற்காலையில் கண்டோம். அதன் அழகைப் பலர் பாடிவிட்டனர். அறைக்குத் திரும்பி இளைப்பாறலாம் என்று எங்களுள் பெரும்பாலோர் விரும்பினர். ஒருவர் மட்டும், “இங்கே அக்பர் காலத்துக் கோயில் ஒன்று இருக்கிறதாமே, அதைப் பாராமல் போகலாமா?” என்று கேட்டார். அரை மனத்தோடுதான் புறப்பட்டோம்.

1848-இல் ஆயர் போர்கி அவர்கள் எழுப்பிய அமல உற்பவ அன்னையின் பேராலயத்தின் அருகில் அந்தப் பழைய ஆலயம் நிற்கிறது. ‘அக்பர் ஆலயம்’ என்றே அதை அழைக்கிறார்கள். பேரரசரின் பெயரைத் தாங்கிய ஆலயம் இவ்வளவு சிறியதா என்பதே எங்கள் முதல் வியப்பு. ஆனால் அதன் வரலாறு சிறியதன்று.

1579-இல் அக்பர் பேரரசர் கோவாவுக்குத் தூதனுப்பி, கிறிஸ்தவ மறையை விளக்கவல்ல குருக்களை அனுப்புமாறு கேட்டார். 1580-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் இயேசு சபைக் குருக்கள் மூவர் ஃபதேபூர் சிக்ரி வந்தடைந்தனர். அவர்களுக்குத் தலைவரான ருடால்ஃப் அக்குவாவீவா அப்போது முப்பது வயதும் நிரம்பாதவர். அவர்கள் கொணர்ந்த பன்மொழி விவிலியத்தைப் பேரரசர் முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டார் என்று, உடன்சென்ற மொன்செராத்தே அடிகள் எழுதிவைத்துள்ளார். அக்பர் மனம் மாறுவார், அவரோடு ஒரு பேரரசே மனம் மாறும் என்ற எதிர்பார்ப்பு கோவாவிலும் ஐரோப்பாவிலும் எழுந்தது. மூன்றாண்டுகள் கடந்தன. பேரரசர் கேட்டார், மதித்தார், விவாதித்தார், திருமுழுக்குப் பெறவில்லை. ருடால்ஃப் அடிகள் கோவாவுக்குத் திரும்பினார். 1583 ஜூலை 25 அன்று சால்செட்டிலுள்ள குன்கோலிமில் கொல்லப்பட்டார். 1893-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது.

1595-இல் மீண்டும் குருக்கள் வந்தனர். இம்முறை தலைவராக வந்தவர் ஜெரோம் சவேரியார். நம் முத்துக்குளித்துறையில் கால்நடையாகத் திரிந்து மறைபரப்பிய புனித பிரான்சிஸ் சவேரியாருடைய சகோதரியின் பேரன் அவர். ஜெரோமுடைய பாட்டியின் தம்பியான பிரான்சிஸ் சவேரியார் நம் கடற்கரைக்கு 1542-இல் வந்து, ஊர் ஊராக மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். அவர் தந்த விசுவாசத்தின் வழியில்தான் நம்மில் பலர் இன்று ஞாயிறுதோறும் பலிபீடத்தின் முன் நிற்கிறோம். அதே குருதியில் பிறந்த ஜெரோம், ஏறத்தாழ இருபது கோடைகளை முகலாயரின் நாட்டில் கழித்தார். பாரசீக மொழியைக் கற்றுத் தேர்ந்தார். லாகூரைச் சேர்ந்த அப்துஸ் சத்தார் என்னும் இஸ்லாமிய அறிஞரின் துணையோடு ஆண்டவரின் வாழ்வைப் பாரசீகத்தில் எழுதி, 1602-இல் அக்பரிடம் அளித்தார். அந்நூலுக்கு அரண்மனை மரபில் வந்த ஓவியர்கள் வரைந்த படங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆயினும் அவர் கண்ட அறுவடை என்ன?

1610-இல் ஜகாங்கீரின் இறந்த சகோதரர் தானியாலின் புதல்வர் மூவர் ஆக்ராவில் திருமுழுக்குப் பெற்றனர். யானைகள்மேல் ஊர்வலமாக ஆலயத்திற்கு வந்தனர். போர்த்துக்கீசியப் பெயர்கள் சூட்டப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அந்த இளவரசர்கள் பழைய மறைக்குத் திரும்பிவிட்டனர். ஜெரோம் அடிகள் 1617 ஜூன் மாதத்தில் கோவாவில் மறைந்தார். எண்ணிக்கையைக் கொண்டு அளப்போமானால், அவருடைய உழைப்பைத் தோல்வி என்றே எழுதிவிடலாம்.

இதே காலத்தில், அரண்மனையில் வளர்ந்த வேறொரு சிறுவன் இருந்தான். மிர்சா சுல்கர்னைன் என்பது அவன் பெயர். அர்மீனியக் கிறிஸ்தவ வணிகரின் மகன். மதம் மாறும்படி இளமையிலேயே வற்புறுத்தப்பட்டும் கிறிஸ்தவனாகவே நிலைத்தான். வளர்ந்து சாம்பர் ஏரியின் உப்பளங்களுக்கு அதிகாரியானபோது, தம் செல்வத்தை ஆக்ரா மறைத்தளத்திற்கு வாரி வழங்கினார். இளவரசர்களின் ஊர்வலத்தை வரலாறு விரிவாகக் கூறுகிறது. இந்தப் பொதுநிலையினரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

1632-ஐ நினைக்கையில் நெஞ்சம் கனக்கிறது. தாஜ்மகாலின் பணி தொடங்கிய ஆண்டு அது. அதே ஆண்டில் ஷாஜகானின் படைகள் வங்காளத்தில் போர்த்துக்கீசியரின் ஹூக்ளிக் குடியேற்றத்தைக் கைப்பற்றின. அங்கிருந்த போர்த்துக்கீசியர் அடிமை வாணிகத்தில் ஈடுபட்டதும் அப்போருக்கு ஒரு காரணம் என்பதை நாம் மறைக்கலாகாது. ஆனால் அதன் தண்டனையைச் சுமந்தவர்களுள் பெண்களும் சிறுவர்களும் இந்நாட்டு ஏழைக் கிறிஸ்தவர்களும் இருந்தனர். அவர்கள் சிறைப்பிடிக்கப்பட்டு ஆக்ராவுக்குக் கொண்டுவரப்பட்டனர். மாதக்கணக்கில் நீண்ட அப்பயணம் 1633-இல் முடிந்தது. நாங்கள் ஒரு மணி நேரம் தாங்க முடியாமல் நிழல் தேடிய அந்தக் கோடை முழுவதும் அவர்கள் வழியில் இருந்திருக்கிறார்கள். வந்து சேர்ந்தபின் சிறையில் இறந்த குருக்களும் உண்டு. 1635-இல் ஆலயம் இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதே இடத்தில் மீண்டும் எழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அப்தாலியின் படையெடுப்புக் காலத்தில் சூறையாடப்பட்டது. 1769-இல் வால்ட்டர் ரைன்ஹார்ட் என்னும் படைத்தலைவரின் பொருளுதவியால் மறுபடியும் சீரமைக்கப்பட்டது. அவருடைய துணைவியாக இருந்த பேகம் சம்ரு, அவர் மறைந்தபின், 1781-இல் இந்த ஆக்ராவிலேயே திருமுழுக்குப் பெற்றார்.

ஆலயத்திலிருந்து பழைய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றோம். சிந்தியாவின் படையில் பணியாற்றி 1803-இல் இறந்த டச்சுக்காரர் ஹெஸ்ஸிங்குக்கு அவருடைய மனைவி செம்மணற்கல்லில் எழுப்பிய, தாஜ்மகாலைப் போன்ற கல்லறை அங்கே உள்ளது. எவரும் அதைத்தான் முதலில் பார்ப்பர். எங்கள் கண்களோ தாழ்ந்து தேய்ந்த கற்களின்மேல் நின்றன. அர்மீனியர், குருக்கள், வணிகர் எனப் பலரும் அங்கே உறங்குகிறார்கள். எழுத்துகள் எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. சிலுவை அடையாளம் மட்டும் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது. வெறுங்கையால் தொட முடியாதபடி கற்கள் கொதித்தன. நின்றவாறே ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொன்னோம்.

வெளியே வந்தபோது எங்களில் மூத்தவருக்குத் தலை சுற்றியது. சாலையோரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல். நனைந்த சாக்குத் துணி சுற்றிய மண்பானைகளின் பின்னே அமர்ந்திருந்த முதியவர் எழுந்து வந்தார். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. எங்கள் கழுத்திலிருந்த சிலுவையையும் அவர் பொருட்படுத்தவில்லை. மூத்தவரை நிழலில் அமர்த்தி, முதலில் முகத்தில் நீர் தெளித்து, பிறகு சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தார். பணம் நீட்டியபோது கையை அசைத்து மறுத்துவிட்டார். ஒரு குவளைத் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்ற ஆண்டவரின் வாக்கு எங்கள் நினைவுக்கு வந்தது. அன்று அதைக் கொடுக்கும் இடத்தில் அல்ல, வாங்கும் இடத்தில் நாங்கள் இருந்தோம்.

இரவுப் புகைவண்டியில் எங்களிடையே பேச்சு எழுந்தது. விழாவுக்கு எத்தனை பேர் கூடினர், நன்கொடை எவ்வளவு சேர்ந்தது என்றே பங்குகளில் நாம் கணக்கிடுகிறோம். நம் பிள்ளைகள் சொன்னதைக் கேட்கவில்லை என்றால் சில ஆண்டுகளிலேயே சலித்துப்போகிறோம். ஆக்ராவின் குருக்கள் தாங்கள் எதிர்பார்த்த பலனைக் காணாமலேயே கண்மூடினர். ஆயினும் அவர்கள் நட்டது அழியவில்லை. அரசவையில் தேடிய விளைச்சல், கைதிகளிடத்தும் வணிகர்களிடத்தும் பெயர் அறியாத எளியவர்களிடத்தும் கிடைத்தது. 1886-இல் ஆக்ரா உயர்மறைமாவட்டமாயிற்று. அந்தச் சிற்றாலயம் இன்றும் நிற்கிறது.

திராட்சைத் தோட்டத்தில் பகல் முழுதும் வெயிலைத் தாங்கியவர்களைப் பற்றிய உவமையைக் கேட்கும்போதெல்லாம், அவர்கள் முணுமுணுத்ததையே நாம் நினைவில் கொள்கிறோம். முணுமுணுக்காமல் தாங்கியவர்களும் உண்டு என்று அந்தக் கற்கள் எங்களுக்குச் சொல்லின. தாஜ்மகாலைக் காணச் செல்லும் நம்மவர்கள் அந்த ஆலயத்திற்கும் கல்லறைத் தோட்டத்திற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவார்களாக. கோடையில் செல்ல நேர்ந்தால் வருந்த வேண்டாம். அங்கே உறங்குகிறவர்களின் உழைப்பை அந்த வெயில்தான் நமக்கு உணர்த்தும்.