எவர்சில்வர் ரிவால்வருக்கு வீட்டிலேயே மெருகு: அமெரிக்காவில் பொழுதுபோக்கு, நம்மூரில் செய்தால் ஜெயில்!

எவர்சில்வர் தட்டு, டம்ளரை தேய்த்து பளபளப்பாக்குவது நம் வீடுகளில் தினசரி நடக்கும் வேலை. அமெரிக்காவில் அதே எவர்சில்வரில் செய்த ரிவால்வரை, லீவு நாளில் வீட்டு கார் ஷெட்டில் உட்கார்ந்து தேய்த்து, ராவி, தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கொள்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

இதற்கு பெரிய பட்டறை எதுவும் தேவையில்லை. சரியான அளவில் ஸ்குரு டிரைவர், பொடி அரம், சில உப்புத்தாள், பாலீஷ் பசை. இவ்வளவுதான் கருவிகள். ஆனால் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரியாமல் இறங்கினால் உயிருக்கே உலை வைத்து விடும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வியர்வைக்கு பயந்து வந்த துப்பாக்கி

முழுக்க எவர்சில்வரில் செய்து தொடர்ந்து விற்பனைக்கு வந்த முதல் ரிவால்வர், அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1965-ம் ஆண்டு கொண்டு வந்த `மாடல் 60'. 5 தோட்டா போடும் சின்ன ரிவால்வர். .38 ஸ்பெஷல் ரகம்.

அதுவரை ரிவால்வர்கள் பெரும்பாலும் சாதா எக்கில்தான் வந்தன. துருப்பிடிக்காமல் இருக்க ரசாயனத்தில் முக்கி கருநீலமாக்குவார்கள். சட்டைக்குள் மறைத்து வைத்திருக்கும் போலீஸ்காரர்களுக்கு வியர்வைதான் எதிரி. உப்பு வியர்வை பட்டுப்பட்டு நீலம் போகும், துரு ஏறும். அதற்கு மருந்தாகத்தான் எவர்சில்வர் வந்தது. பிறகு அமெரிக்காவின் ரூகர், பிரேசில் நாட்டின் டாரஸ் உள்ளிட்ட நிறுவனங்களும் இதே வழிக்கு வந்தன.

ஏன் எவர்சில்வர் மட்டும்?

கருநீல துப்பாக்கியில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் நீலம் போய் வெள்ளை இரும்பு தெரியும். மறுநாளே துரு எட்டிப் பார்க்கும். மறுபடி நீலம் ஏற்ற கடைக்குத்தான் போக வேண்டும்.

எவர்சில்வரில் அந்த கவலை இல்லை. மேலே பூச்சு கிடையாது. வெளியே என்ன நிறமோ உள்ளேயும் அதே நிறம். அதில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். தேய்த்த இடத்தில் காற்று பட்டதும் கண்ணுக்கு தெரியாத குரோமிய படலம் தானாகவே படர்ந்து துருவை தடுத்து விடும். கீறல் விழுந்தால் தேய்த்து எடுத்து விடலாம். வீட்டிலேயே வேலை பார்க்கிறவர்கள் எவர்சில்வரை தேடிப் போவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் எவர்சில்வர் துருவே பிடிக்காது என்பது தப்பு. லேட்டாக பிடிக்கும், அவ்வளவுதான். எண்ணெய் போடாமல் விட்டால் இதிலும் புள்ளி புள்ளியாக துரு வரும்.

காந்தம் ஒட்டுமா?

பாத்திரம் வாங்கும்போது காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வர் என்று சிலர் ஒதுக்குவது உண்டு. துப்பாக்கியில் கதையே வேறு. குழலுக்கும், உருளைக்கும் பெரும்பாலும் காந்தம் ஒட்டும் 400 வரிசை எவர்சில்வர்தான். சூடேற்றி கடினமாக்க முடியும் என்பதால் அந்த ரகம்.

காந்தம் ஒட்டவில்லை என்றால் உஷாராக வேண்டும். எடை குறைந்த சில ரிவால்வர்களின் உடம்பு அலுமினிய கலவை. எவர்சில்வர் மாதிரியே மினுக்கும். அதில் உப்புத்தாள் போட்டால் மேல் பூச்சு உரிந்து அசிங்கமாகி விடும்.

கை வைக்கக்கூடிய இடங்கள்

முதல் வேலை, உருளையை திறந்து அத்தனை அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. தோட்டாக்கள் இருக்க வேண்டியது வேறு ரூமில். காலி துப்பாக்கி என்று நினைத்துத்தான் பல விபத்துகள் நடக்கின்றன. சுட்ட துப்பாக்கியில் ஈயத்தூள் படிந்திருக்கும் என்பதால் சாப்பாட்டு மேஜையில் வைத்து வேலை செய்யக் கூடாது. வேலை முடிந்ததும் கையை சோப்பு போட்டு கழுவ வேண்டும்.

அடுத்தது கைப்பிடி. ஒரே ஒரு ஸ்குருவை கழற்றினால் பல மாடல்களில் கைப்பிடி கையோடு வந்து விடும். ரப்பர், வால்நட், ரோஸ்வுட் என்று பிடித்ததை மாட்டலாம். கையின் அளவுக்கு சரியாக அமையும் கைப்பிடி உதைப்பை தாங்க உதவும். அழகும் கூடும், உபயோகமும் கூடும்.

மூன்றாவது, கூர்மையான ஓரங்கள். தொழிற்சாலையில் இருந்து வரும்போது சில விளிம்புகள் விரலையும் சட்டை உள்துணியையும் கிழிக்கும் அளவுக்கு இருக்கும். அவற்றை பொடி அரத்தால் லேசாக மழுக்கி, உப்புத்தாளால் சமப்படுத்துவார்கள்.

கடைசியில் மெருகு. 400, 600, 1000 என்று நம்பர் ஏற ஏற உப்புத்தாள் நைசாகும். ஒரே திசையில் தேய்க்க வேண்டும். குறுக்கும் நெடுக்கும் இழுத்தால் கோடு கோடாக தெரியும். கண்ணாடி மாதிரி வேண்டும் என்றால் கடைசியாக பாலீஷ் பசை. மங்கலாக இருந்தால் போதும் என்றால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரே போதும். மங்கல் மெருகில் கீறல் தெரியாது, வெயிலில் கண்ணும் கூசாது.

சாதா இரும்பு நார் மட்டும் கூடாது. அதன் துகள் எவர்சில்வரில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். எழுத்து, நம்பர் உள்ள இடங்களில் டேப் ஒட்டி மறைத்து விட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

உள்ளே போனால் வம்பு

இதுவரை சொன்னது எல்லாம் வெளி வேலை. தப்பினால் அழகு கெடும், அவ்வளவுதான். பக்கவாட்டு மூடியை திறந்து உள்ளே போனால் நிலைமை வேறு.

டிரிக்கர் லேசாக அமுங்க வேண்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டுகிறவர்கள் உண்டு. ஆபத்து வரும் நேரத்தில் அழுத்தினால் `டிக்' சத்தம்தான் வரும், குண்டு வெடிக்காது. டிரிக்கரும், சுத்தியும் சந்திக்கும் முனையை தேய்த்தால் இன்னும் மோசம். தொடாமலே வெடிக்கும் நிலைமை வரலாம். துப்பாக்கியே எவர்சில்வராக இருந்தாலும் இந்த பாகங்கள் பல மாடல்களில் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட எக்கு. அந்த தோல் மிக மெல்லியது. தேய்த்து விட்டால் உள்ளே மெத்து இரும்பு, சீக்கிரம் தேய்ந்து விடும்.

உள்ளே இன்னொரு சின்ன தகடு இருக்கிறது. கைதவறி விழுந்தால் சுத்தி தோட்டாவில் இடிக்காமல் தடுப்பது அதுதான். அதன் பின்னால் ஒரு உயிர்ப்பலி இருக்கிறது. 2-ம் உலகப்போர் நேரத்தில் 1944-ம் ஆண்டு, கப்பலின் இரும்பு தளத்தில் விழுந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் வெடித்து அமெரிக்க கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். பழைய தடுப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்து, நிறுவனம் அவசரமாக புது அமைப்பை வைத்தது. டிரிக்கர் வழவழப்பாக இருக்கட்டும் என்று அந்த தகட்டையே கழற்றி எறியும் அதிமேதாவிகளும் இருக்கிறார்கள்.

இந்த ஆசை பழசு. 1920-களிலேயே கோல்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த பிட்ஸ்ஜெரால்டு என்பவர் குழலை குட்டையாக்கி, சுத்தியின் கொம்பை வெட்டி, டிரிக்கர் வளையத்தின் முன்பக்கத்தையும் அறுத்து எடுத்து ரிவால்வர்களை மாற்றினார். `பிட்ஸ் ஸ்பெஷல்' என்று பெயர். சீக்கிரம் எடுத்து சுடத்தான் அப்படி செய்தார். ஆனால் வளையம் இல்லாத டிரிக்கரில் எது பட்டாலும் வெடிக்கும். இன்று அதை யாரும் சிபாரிசு செய்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் சொந்த ரிவால்வரை மெருகேற்ற மத்திய அரசின் லைசென்சு தேவையில்லை. அடுத்தவர் துப்பாக்கியை காசு வாங்கி தொழிலாக பழுது பார்த்தால் லைசென்சு கட்டாயம். துப்பாக்கியின் வரிசை நம்பரை அழித்தால் அங்கேயும் ஜெயில்தான்.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். 1959-ம் ஆண்டு ஆயுத சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவே லைசென்சு வேண்டும். துப்பாக்கியை மாற்றி அமைக்க, பழுது பார்க்க அதற்கென்று தனி லைசென்சு வேண்டும். குழலை குட்டையாக்கவும் அப்படித்தான். 2019-ம் ஆண்டு திருத்தத்துக்கு பிறகு, சட்டவிரோதமாக துப்பாக்கி தயாரித்தாலோ, மாற்றினாலோ குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை வரை கிடைக்கும்.

எனவே நம்மூரில் லைசென்சு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எண்ணெய் போட்டு துடைத்து வைப்பதோடு நிறுத்திக் கொள்வதே நல்லது. அதற்கு மேல் எந்த வேலையாக இருந்தாலும் லைசென்சு பெற்ற துப்பாக்கி கடைக்குத்தான் கொண்டு போக வேண்டும். வீட்டில் அரத்தை எடுத்தால் கம்பி எண்ண வேண்டி வரும் என்பது குறிப்பிடத்தக்கது.