ஏதென்ஸ் நகரத்து நால்வர்

ஏதென்ஸ் என்றவுடன் சாக்ரடீசும் பிளேட்டோவும் நம் நினைவிற்கு வருவது இயல்பே. நான் கூற எடுத்துக்கொண்ட ஏதென்ஸ் வேறு. அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா மாநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 70 மைல் தொலைவில் உள்ள சிறு நகரம் அது. 1785-இல் சாசனம் பெற்ற பல்கலைக்கழகமே அவ்வூரின் உயிர்நாடி. கிரேக்கரின் கல்விப் பெருமையை நினைந்தே ஊருக்கும் அப்பெயரை இட்டார்கள். இவ்வூரில் 1980-ஆம் ஆண்டு இளைஞர் நால்வர் கூடி ஒரு ராக் இசைக்குழுவைத் தொடங்கினர். ஆர்.இ.எம். என்பது அதன் பெயர்.

அந்நாளில் பாட்டிலே திறமையுள்ள இளைஞன் நியூயார்க்கிற்கோ லாஸ் ஏஞ்சல்சுக்கோ செல்வதே வழக்கம். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களும், ஒலிப்பதிவுக் கூடங்களும், பத்திரிகைகளும் அங்கேதான் இருந்தன. இதே ஏதென்சில் 1976-இல் தோன்றிய பி-52ஸ் என்ற குழுவும் புகழ் அரும்பியதும் நியூயார்க் பக்கம் குடிபெயர்ந்தது. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், ஒரு சிற்றூரின் கலை அவ்வூரிலேயே இருந்து வாழ முடியுமா என்ற கேள்வி அப்போது விடை காணப்படாமலே நின்றது.

குழு பிறந்த கதையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். அவ்வூரில் வக்ஸ்ட்ரி என்றொரு இசைத்தட்டுக் கடை உண்டு. பீட்டர் பக் என்ற இளைஞர் அங்கே விற்பனையாளர். நல்ல தட்டு ஏதேனும் கடைக்கு வந்தால், தமக்கென்று அதை ஒதுக்கி வைப்பது அவர் வழக்கம். ஓவியக்கலை மாணவரான மைக்கேல் ஸ்டைப் என்பவர் வந்து, அவர் ஒதுக்கி வைத்த தட்டுகளையே தேடிப்பிடித்து வாங்கிச் செல்வார். இப்படி ஒத்த சுவையால் நட்பு விளைந்தது. மற்ற இருவரான பில் பெர்ரியும் மைக் மில்சும் மேக்கன் என்னும் ஊரினர். பள்ளியில் முதலில் ஒருவரையொருவர் வெறுத்துப் பின்னர் இசையால் இணைந்தவர்கள். பெர்ரி டிரம்ஸ் வாசித்தார். மில்ஸ் பாஸ் கிதார். பக் கிதார் மீட்ட, ஸ்டைப் பாடினார்.

இவர்கள் பயின்ற இடம், வழிபாடு நின்றுபோன ஒரு பழைய மாதா கோவில். அதைத் தடுத்துக் குடியிருப்பாக மாற்றி வாடகைக்கு விட்டிருந்தார்கள். 1980 ஏப்ரல் 5-ஆம் நாள், ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்தில், அந்தக் கோவிலுக்குள்ளேயே முதற் கச்சேரி நடந்தது. அன்று குழுவிற்கு நிலையான பெயர் கூட இல்லை. பிறகு அகராதியைப் புரட்டி இம்மூன்றெழுத்தைத் தேர்ந்தார்களாம். வாடகை மலிவான வீடும், பாட இடங்கொடுக்கும் விருந்துகளும், கேட்க வரும் மாணவர் கூட்டமும் வாய்த்தன. 40 வாட் விளக்கொன்று தொங்கிய காரணத்தால் அதையே பெயராகக் கொண்ட இசைக் கூடமும் அவ்வூரில் இருந்தது. பெருநகரத்துப் பணம் செய்யாததை இந்த எளிய வசதிகள் செய்தன என்பது என் துணிபு.

1981-இல் அட்லாண்டாவின் ஹிப்-டோன் என்ற மிகச் சிறு நிறுவனம் இவர்களுடைய முதல் தட்டை வெளியிட்டது. ‘ரேடியோ ஃபிரீ யூரோப்’ என்பது பாட்டின் பெயர். கிழக்கு ஐரோப்பிய மக்களுக்கென அமெரிக்கப் பணத்தில் இயங்கிய வானொலியின் பெயரே அது. முதற் பதிப்பு 1,000 தட்டுகள். அவற்றில் 600 விலையின்றி அனுப்பப்பட்டவை. பெரிய வர்த்தக வானொலிகள் இத்தகைய பாட்டைத் தீண்டமாட்டா. ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர்களே நடத்தும் சிறு வானொலிகள் உண்டு. சிலவற்றின் ஒலி ஊர் எல்லையைத் தாண்டுவதே அரிது. விளம்பரக்காரரின் முகம் பார்க்க வேண்டாத காரணத்தால், அங்குள்ள மாணவர் தமக்குப் பிடித்ததை ஒலிபரப்பினர். ஓர் ஊரில் கேட்டவர் மற்றோர் ஊருக்குச் சொல்ல, குழு ஒரு சிறு வண்டியில் ஊர் ஊராகச் சென்று பாடிற்று. பாடகரின் சொற்கள் பாதி விளங்கா; அதுவும் ஓர் ஈர்ப்பாயிற்று! 1983-இல் வெளிவந்த ‘மர்மர்’ என்ற முதல் நெடுந்தட்டை, ரோலிங் ஸ்டோன் இதழின் விமரிசகர்கள் அவ்வாண்டின் சிறந்த தட்டாகத் தேர்ந்தனர். மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ உலகெங்கும் முழங்கிய காலம் அது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இவற்றினும் மேலாக நான் மதிப்பது அவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டை. எந்தப் பாட்டை யார் இயற்றினாலும், ஆசிரியர் என்று நால்வர் பெயரும் அகர வரிசையில் இருக்கும், வருவாயும் சமபங்கு. எந்த முடிவையும் ஒருவர் மறுத்தால் அது கைவிடப்படும். இசைக்குழுக்கள் உடைவது பெரும்பாலும் பாட்டினால் அன்று, பாட்டின் பணத்தினால் என்பதை இளமையிலேயே உணர்ந்திருக்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவரைக் கூலிக்காரரைப் போல் நடத்திய குழுக்கள் எத்தனையோ உண்டு அல்லவா?

1988-இல் வார்னர் என்னும் பெரிய நிறுவனத்தோடு அவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ‘தனித்தியங்கும்’ இசை என்ற பெயருக்கு இது பொருந்துமா என்று அந்நாளில் சிலர் வினவினர். பெயரளவில் அவ்வினா நியாயமானதே. ஆனால் நிறுவனம் பெரிதான பின்பும், குழுவின் அலுவலகம் ஏதென்சிலேயே இருந்தது. 1995-இல் சுவிட்சர்லாந்தில் பாடிக்கொண்டிருந்தபோது மூளை இரத்தக்குழாய் நோயால் அவதியுற்ற பெர்ரி, உயிர் பிழைத்து, 1997-இல் விலகி நிலம் உழச் சென்றார். எஞ்சிய மூவர் 2011 செப்டம்பரில் குழுவைத் தாமே கலைத்தனர்.

அந்தக் கோவில் 1990-இல் இடிக்கப்பட்டது. கோபுரம் மட்டும் விடப்பட்டது. 2024 ஜூன் மாதத்தில், நியூயார்க்கில், பாடலாசிரியர்க்கான புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டபோது நால்வரும் ஒன்றாக மேடையேறி ஒரு பாட்டுப் பாடினர். உழவரான டிரம்ஸ்காரரும் அன்று பாடலாசிரியர் வரிசையிலேயே நின்றார்.