கையெழுத்திட்டவர்கள்: கொலம்பியாவில் கோக்காவுக்கு மாற்றுப் பயிர் தேடிய விவசாயத் தலைவர்கள்மீதான வன்முறை, 1996–2025

கொக்கெய்னின் மூலப்பொருளான கோக்காச் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்கு மாறலாம் என்று ஊராரிடம் பேசும் கிராமத் தலைவர்கள் கொலம்பியாவில் ஏன் கொல்லப்படுகிறார்கள்? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை எளியது: கடத்தல்காரர்கள் தங்கள் வருமானத்தில் கைவைப்பவர்களைத் தீர்த்துக்கட்டுகிறார்கள். இது பொய்யல்ல, ஆனால் போதாது. கடத்தல் அங்கே அரை நூற்றாண்டாக நடக்கிறது. அப்படியிருக்க, 2016இல் அரசுக்கும் ஃபார்க் கெரில்லாக்களுக்கும் இடையே சமாதான உடன்படிக்கை கையெழுத்தான பிறகு இந்தக் கொலைகள் ஏன் பெருகின என்பதற்கு அந்த விடையில் இடமில்லை. அரசு கிராமங்களுக்குள் பாதி தூரம் மட்டுமே வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். முதலில் கையெழுத்தை வாங்கிக்கொண்டது. சாலை, பட்டா, கடன், பாதுகாப்பு ஆகியவற்றைப் பிற்பாடு தருவதாகச் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் ஊரில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தவராக நின்றவர் தலைவர் ஒருவரே.

1996: முதல் கோரிக்கை

மாற்றுப் பயிர் என்பது அரசு அதிகாரிகளின் யோசனை என்றொரு எண்ணம் உண்டு. வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1996இன் நடுப்பகுதியில் புத்துமாயோ, காக்கெத்தா, குவாவியாரே ஆகிய தென் மாநிலங்களில் கோக்கா விவசாயிகள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு ஊர்வலம் போனார்கள். வானிலிருந்து கிளைஃபோசேட் தெளிக்கப்படுவதையும், கோக்காப் பசை தயாரிக்கப் பயன்படும் என்று சொல்லி சிமென்ட், பெட்ரோல் விற்பனைக்குப் போடப்பட்ட கட்டுப்பாடுகளையும் எதிர்த்தே அவர்கள் கிளம்பினார்கள். ஆனால் ‘கோக்காவை விட மாட்டோம்’ என்று அவர்கள் சொல்லவில்லை. படிப்படியாக விடுகிறோம், அதற்குச் சாலையும் கடனும் சந்தையும் கொடுங்கள் என்றார்கள். புத்துமாயோ போராட்டத்தை நுணுக்கமாக ஆராய்ந்த மானுடவியலாளர் மரியா கிளெமென்சியா ராமிரெஸ் இதைக் குடியுரிமைக்கான கோரிக்கையாகவே படிக்கிறார். அரசும் இராணுவமும் அதை ஃபார்க் கெரில்லாக்கள் தூண்டிவிட்ட கூட்டமாகப் பார்த்தன. உடன்பாடுகள் எழுதப்பட்டன, பெரும்பகுதி காகிதத்தோடு நின்றது. ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர்கள்மீது ‘கெரில்லா ஆள்’ என்ற முத்திரை விழுந்தது. துணை இராணுவக் குழுக்கள் புத்துமாயோவுக்குள் புகுந்தபோது அந்த முத்திரையே மரண தண்டனையாயிற்று. 1999 ஜனவரி 9 அன்று எல் தீக்ரே என்ற சிற்றூரில் அவர்கள் நடத்திய படுகொலை அந்தக் காலத்தின் கொடிய அடையாளம்.

2000இல் அமெரிக்கா போதைப்பொருள் ஒழிப்புக்கான பிளான் கொலம்பியா திட்டத்துக்கு 130 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த ஆண்டின் இறுதியில் ஒரு பக்கம் விமானங்கள் மருந்து தெளிக்க, மறுபக்கம் ‘தாமாகவே செடியைப் பிடுங்கினால் உதவி’ என்று புத்துமாயோவில் சுமார் 37,000 குடும்பங்களிடம் ஒப்பந்தம் வாங்கப்பட்டது. வந்து சேர்ந்த உதவி மிகக் குறைவு. பக்கத்துத் தோட்டத்துக் கோக்காமீது விழுந்த மருந்து ஒப்பந்தம் போட்டவரின் வாழையையும் மரவள்ளியையும் கருக்கியது. பின்னாளில் ‘அரசு வாக்கு’ என்றதும் புத்துமாயோ விவசாயி முகம் சுளித்ததற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

உடன்படிக்கையின் நான்காம் அம்சம்

அரசும் ஃபார்க்கும் நடத்திய ஹவானா பேச்சுவார்த்தையில் போதைப்பொருள் குறித்த பகுதிக்கு 2014 மே மாதம் இசைவு எட்டியது. முழு உடன்படிக்கையில் அதிபர் ஹுவான் மானுவல் சாந்தோஸும் ஃபார்க் தலைமையும் 2016 நவம்பர் 24 அன்று போகோத்தாவில் கையெழுத்திட்டனர். இதன் நான்காம் அம்சம் கோக்காவைக் குற்றப் பிரச்சினையாக மட்டுமன்றி நிலப் பிரச்சினையாகவும் ஏற்றது. 1996இல் தெருவில் கேட்டது இருபது ஆண்டு கழித்து அரசு ஆவணத்தில் ஏறியது என்றே சொல்லலாம். 2017 ஜனவரியில் கோக்கா, அபின், கஞ்சா பயிரிடுவோரின் தேசிய ஒருங்கிணைப்பான கொக்காம் உருவானது. மே மாத இறுதியில் அரசாணை 896 வழியாகத் தேசிய மாற்றுப் பயிர்த் திட்டம் சட்ட வடிவம் பெற்றது.

திட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 3.6 கோடி பெசோ. முதல் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 20 லட்சம் வீதம் 1.2 கோடி ரொக்கம், வீட்டுத் தோட்டத்துக்கு 18 லட்சம், விரைவில் பலன் தரும் தொழிலுக்கு 90 லட்சம், இரண்டாம் ஆண்டில் நீண்டகாலப் பயிருக்கு 1 கோடி, மீதி தொழில்நுட்ப உதவிக்கு. முதல் தவணை கைக்கு வந்த 60 நாளில் கோக்கா முழுவதையும் வேரோடு பிடுங்க வேண்டும். ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் நேரில் வந்து சரிபார்க்கும். ஏறத்தாழ 99,000 குடும்பங்கள் சேர்ந்தன. அவர்கள் 40,000 ஹெக்டேருக்கு மேல் பிடுங்கினார்கள். 2020 வரையிலான சரிபார்ப்பில் மீண்டும் நட்டவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. விவசாயி வாக்குத் தவறினான் என்று யாரும் சொல்ல முடியாது.

தவறியது மறுபக்கம். கோக்கா இலை ஆண்டுக்கு நான்கைந்து முறை பறிக்கலாம், வாங்குபவன் வீட்டு வாசலுக்கே வருவான். சாக்லேட்டுக்கான கொக்கோ மரம் காய்க்க மூன்று ஆண்டாவது ஆகும், காய்த்த பிறகும் சாலை இல்லாத ஊரிலிருந்து மூட்டையைக் கோவேறு கழுதைமேல் ஏற்ற வேண்டும். ரொக்கம் நின்றுபோய் ‘தொழில்’ பணம் வராத மாதங்களில் ஊர் கொந்தளித்தது.

அந்தக் கொந்தளிப்பின் நடுவில் அகப்பட்டவர் யார் என்பது முக்கியம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ‘ஹுந்தா’ எனப்படும் ஊர்ச் செயற்குழுக்களே அந்த மலைக்காடுகளில் பல இடங்களில் அரசின் ஒரே முகம். இன்னார் இந்த ஊர்க்காரர், இவர் கோக்கா பயிரிட்டவர் என்று சான்று சொன்னவர் அந்தக் குழுவின் தலைவர். கூட்டம் கூட்டியவரும் பட்டியலை ஒப்படைத்தவரும் அவரே. பணம் வராவிட்டால் ஊரார் அவரைக் கேட்பார்கள், பசை வரத்துக் குறைந்தால் ஆயுதக்காரர்களும் அவரைத்தான் கேட்பார்கள். திட்டம் வகுத்தவர்கள் இந்த மனிதரின் தோளில் இவ்வளவு சுமையை ஏற்றியபோது அவருடைய உயிரைப் பற்றி எவ்வளவு யோசித்தார்கள் என்பது ஐயத்துக்குரியது.

ஃபார்க் போராளிகள் 2017 ஜூனில் ஆயுதங்களை ஒப்படைத்தபோது அவர்கள் விட்டுச்சென்ற இடம் வெறுமையாக இருக்கவில்லை. இ.எல்.என். கெரில்லாக்கள், கிளான் தெல் கோல்ஃபோ என்ற கடத்தல் கும்பல், உடன்படிக்கையை ஏற்காத ஃபார்க் பிரிவினர் ஆகியோர் ஆற்றுத் துறைகளுக்காகவும் பசை வியாபாரத்துக்காகவும் மோதிக்கொண்டார்கள். முன்பு வரி வசூலித்தவன் ஒருவன். இப்போது இருவர், சில இடங்களில் மூவர்.

துமாக்கோ

இந்தச் சிக்கல் முழுவதையும் ஒரே இடத்தில் காண விரும்புவோர் பசிபிக் கடற்கரைத் துமாக்கோவைப் பார்க்கலாம். 2016இல் அந்த ஒரு நகராட்சி எல்லையில் மட்டும் சுமார் 23,000 ஹெக்டேர் கோக்கா இருந்தது. அங்குள்ள ஆல்த்தோ மீரா இ ஃப்ரோன்தேரா, ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் கூட்டு உரிமை நிலம். அதன் தலைவர் ஹெனாரோ கார்சியா 2015 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். கொன்றது தங்கள் ஆட்கள்தான் என்று ஃபார்க் பின்னர் ஒப்புக்கொண்டது. கெரில்லாக்களை விவசாயிகளின் காவலராக மட்டும் சித்திரிக்கும் எழுத்துகள் இந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடுகின்றன.

2017இல் சாந்தோஸ் அரசு ஒரே ஆண்டில் 50,000 ஹெக்டேரை ஒப்பந்தத்தாலும் இன்னொரு 50,000 ஹெக்டேரைப் படைபலத்தாலும் அழிக்க இலக்கு வைத்தது. கையெழுத்து வாங்க ஓர் அதிகாரியும், செடியைப் பிடுங்க ஒரு போலீஸ் படையும் ஒரே வட்டாரத்துக்கு வந்தன. அக்டோபர் 5 அன்று எல் தந்தில் என்ற இடத்தில் கட்டாய அழிப்பைத் தடுக்கத் திரண்ட விவசாயிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 7 பேர் இறந்தனர். அதிகாரிகள் ஃபார்க் பிரிவினரைக் கைகாட்டினார்கள், நேரில் கண்டவர்கள் போலீசைக் கைகாட்டினார்கள். அடுத்த பன்னிரண்டாம் நாள், மாற்றுப் பயிருக்காகப் பேசிவந்த ஆல்த்தோ மீரா நிலத்தின் தலைவர்களுள் ஒருவரான ஹோசே ஹைர் கொர்த்தெஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு மிரட்டல் இருந்தது அரசுக்குத் தெரியும். இத்தகைய தலைவர்களுக்குத் தேசியப் பாதுகாப்புத் துறை வழக்கமாகத் தருவது குண்டு துளைக்காத மேலாடையும் ஒரு செல்பேசியும். சிக்னல் இல்லாத ஆற்றங்கரையில் அந்தச் செல்பேசி எதற்கு உதவும்?

துக்கே ஆட்சியும் அதன் பிறகும்

2018 ஆகஸ்டில் பதவியேற்ற அதிபர் இவான் துக்கே புதிய குடும்பங்களைத் திட்டத்தில் சேர்க்கவில்லை, படைபலத்தால் அழிப்பதை முன்னிறுத்தினார். ஏற்கெனவே சேர்ந்தவர்களின் தவணைகள் இழுபட்டன. இந்த ஆட்சியில் நிகழ்ந்த ஒரு மரணம் தனித்துச் சொல்லத்தக்கது. 2020 மார்ச் 19 அன்று, புத்துமாயோவின் புவெர்த்தோ அசிஸ் பகுதியில் விருப்பப் பயிர்மாற்றம் பற்றி விவசாயிகள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆயுதம் ஏந்திய மூவர் கூட்டத்துக்குள் நுழைந்து விவசாயச் சங்கத் தலைவர் மார்க்கோ ரிவதெனெய்ராவை வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள். ஊரறியப் பகலில் நடக்கும் கூட்டம்தான் மாற்றுப் பயிர் முயற்சியின் அடிப்படை. அந்த வெளிப்படைத்தன்மையே கொலைகாரர்களுக்கு வழியைக் காட்டிற்று.

தனித்தனிச் சம்பவங்களுக்கு அப்பால் போக்கு எப்படி இருக்கிறது? மக்கள் உரிமைக் காப்பாளர் அலுவலகக் கணக்கில் நாடெங்கும் கொல்லப்பட்ட சமூகத் தலைவர்கள் 2020இல் 182 பேர், 2022இல் 215 பேர். இவர்கள் அனைவரும் பயிர்மாற்றத் தலைவர்கள் அல்லர் என்பதை இந்த எண்களைக் கையாளும் பலர் மறந்துவிடுகிறார்கள். காரணத்தைப் பிரித்தறிய முயன்ற ஆய்வுகள் பயனுள்ளவை. மௌனு பிரேம், ஹுவான் வர்காஸ் முதலிய பொருளியலாளர்கள், ஃபார்க் விலகிய இடங்களில் வேறு ஆயுதக் குழு அருகில் இருந்தால் தலைவர் கொலைகள் கூடுவதைக் காட்டினார்கள். பாதிச் சமாதானத்தின் விளைவு என்று அதைக் கணித்தார்கள். அரசு வலுவாக உள்ள இடத்தில் இவ்விளைவு குறைகிறது என்ற அவர்களின் முடிவு, இக்கட்டுரையின் வாதத்துக்கு நெருங்கியது.

திட்டம் குறைத்ததாகச் சொன்ன பயிரும் குறையவில்லை. 2013இல் 48,000 ஹெக்டேராக இருந்த கோக்கா 2016இல் 1.46 லட்சம், 2023இல் 2.53 லட்சம், அதாவது ஆறு லட்சம் ஏக்கருக்கும் மேல். 2014 இசைவு அறிவிக்கப்பட்ட பின் சலுகை கிடைக்குமென்று நட்டவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. அதைக் காட்டி ஒப்பந்தத்தை மதித்துப் பிடுங்கியவர்களையும் சந்தேகித்தது நியாயமாகாது.

2022இல் வந்த குஸ்தாவோ பெத்ரோ அரசு சிறு விவசாயிகளைத் துன்புறுத்துவதில்லை என்ற கொள்கையை அறிவித்தது. 2023 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் சமூகத் தலைவர்களின் பாதுகாப்பின்மையை ‘சாசனத்துக்குப் புறம்பான நிலைமை’ என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் வெனிசுலா எல்லையிலுள்ள கத்தாதும்போவில் இ.எல்.என். படையும் உடன்படிக்கையை ஏற்காத ஃபார்க்கின் 33ஆம் பிரிவும் மோதியதில் 50,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு ஓடினார்கள். அது நாட்டிலேயே கோக்கா அடர்ந்த வட்டாரங்களுள் ஒன்று.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்திட்டுப் பயிரைக் கைவிடும் சிறு விவசாயிமீது குற்ற வழக்கு இருக்காது என்றும், அதற்கெனச் சட்டம் கொண்டுவரப்படும் என்றும் 2016 உடன்படிக்கை கூறியது. சட்டம் வராத வரை அந்தக் கையெழுத்து, தான் கோக்கா பயிரிட்டதை அரசிடம் ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம். ஆயுதக் குழுவின் பார்வையிலோ அது துரோகத்தின் சான்று. அதற்கான மசோதா சாந்தோஸ் காலத்திலும் நிறைவேறவில்லை, துக்கே காலத்திலும் நிறைவேறவில்லை.