பிறவிக் கள்வர் யார்?

நகரத்திலே கொள்ளையும் கொலையும் பெருகினால் நாம் எழுப்பும் முதற்கேள்வி என்ன? ‘எந்தச் சாதிக்காரன்?’ என்பதுதான். வருணாசிரமம் ஊன்றிய இந்த விதைக்கு வெள்ளையர் சட்டம் நீர் வார்த்த கதையைச் சேலம் சீமையிலேயே காணலாம், தோழர்களே!

கடற்கரை உப்பளங்களிலிருந்து உப்பைப் பொதிமாடுகளில் ஏற்றி, நாமக்கல் சமவெளி, சேலம் என்று உள்நாட்டுச் சிற்றூர்தோறும் கொண்டு சேர்த்தவர் குறவர். ‘உப்புக் குறவர்’ என்ற பெயரே சான்று. திரும்புகையில் தானியம் ஏற்றினர். வண்டி புகாத வழியிலும் மாடு புகும். ஊர் அவர் வரவுக்குக் காத்திருந்தது.

1805 முதலே உப்பு அரசின் தனியுரிமை. 1862இல் சென்னையிலிருந்து சேலம் வழியே பேப்பூர் வரை இருப்புப்பாதை முடிந்தது. உப்பு மூட்டை இரயிலேறியது; பொதிமாட்டுக்கு வேலையில்லை. 1882இன் வனச்சட்டம் மேய்ச்சலையும், கூடை முடைய மூங்கிலையும் பறித்தது.

இடையிலே 1876–78 பெரும்பஞ்சம்! 1871இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாயிருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 இலட்சமாகச் சுருங்கிற்று. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதுமென்று ரிச்சர்டு டெம்பிள் துரை கணக்கிட்டார். அதே காலத்தில் டில்லியில் தர்பார்! மாகாணமெங்கும் தானியக் கொள்ளை பெருகியதில் வியப்பென்ன? பசித்தவன் களஞ்சியத்தை உடைத்தான், உடையவன் தடுத்தான், குருதி சிந்தியது.

ஆளவந்தார் இந்தக் காரணங்களைக் குறித்தனரா? குலத்தைக் குறித்தனர். 1871இல் வடநாட்டுக்கெனக் குற்றப் பரம்பரைச் சட்டம் கொணர்ந்தபோது அவர்கள் சொன்ன வாதம் இதுதான்: இந்நாட்டில் தச்சுவேலை பரம்பரைத் தொழில், நெசவு பரம்பரைத் தொழில், ஆகவே குற்றமும் பரம்பரைத் தொழில்! மனுவின் மாணாக்கர் இதைவிடத் திறமையாக வாதாட முடியுமா?

1911இல் அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அறிவிப்புச் செல்லுமா என்று நீதிமன்றத்திலே கேட்கவும் வழியில்லை. சேலத்துக் குறவரும் பதிவேட்டில் ஏறினர். கைரேகை கொடுக்கவேண்டும், காவலரிடம் ஆஜராகவேண்டும், அனுமதியின்றி ஊர் தாண்டினால் சிறை. ஊரூராய்ச் சென்று பிழைத்தவனைக் கட்டிப்போட்டுவிட்டு, அவன் உழைக்க மறுக்கிறான் என்றார்கள்.

1947இல் சென்னை மாகாணம் அச்சட்டத்தை ஒழித்தது. மறு ஆண்டே, வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த வேறொரு சட்டம் வந்தது.

என் வகுப்பிலே ஓர் எழுதுகோல் காணாமற்போனால், கூடை முடைபவர் மகனையே எல்லாக் கண்களும் தேடுகின்றன. அவன் பிறக்குமுன்பே பழைய சட்டம் செத்து அறுபதாண்டு கடந்துவிட்டது.