கால்வட்டம்: ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உட்பகுதியில் உள்ளது உன்னிச்சைக் குளம். அதன் நீர் வாய்க்கால் வழியே வயல்களுக்குப் பாய்கின்றது. அந்நாட்டு உழவர் வயற்பரப்பை 'வட்டை' என்பர். அப்பரப்பின் நீர்ப்பங்கீட்டைக் கண்காணிப்போரை 'வட்டவிதானை' என்பர். நெல்லையும் நிலத்தையும் கணக்கிடுங்கால் காலும் அரையும் முக்காலும் அவர்தம் நாவில் இயல்பாகவே பயில்கின்றன. அங்குள்ள மாணவன் பள்ளியிற் கேத்திரகணிதம் பயிலப் புகும்போது 'கால்வட்டம்' என்னும் சொல்லை எதிர்கொள்கின்றான். ஒரு வட்டத்தை, மையத்தில் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் இரு விட்டங்களாற் பகுத்தால் வரும் நான்கு சமகூறுகளில் ஒன்றே கால்வட்டம். இச்சொல் எங்கிருந்து வந்தது? ஏட்டளவில் ஆக்கப்பட்டதா, வழக்கில் வேரூன்றியதா? இவ்வினா ஆராயற்பாலது.

முதற்கண் ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழிற் 'கால்' என்பது பல பொருள் குறித்த ஒருசொல். உறுப்பு, வாய்க்கால், காற்று, நாற்கூற்றில் ஒன்று எனப் பல பொருள்களில் அது வழங்குகின்றது. நீரோடும் காலையும் கணக்கிற் காலையும் ஓசை ஒப்புமை ஒன்றே பற்றி ஒரு வேரினவாகக் காட்டுதல் பொருந்தாது. வட்டையையும் வட்டத்தையும் அவ்வாறே இணைத்தலும் துணிவாகாது. சொற்பிறப்பு ஆராய்வோர் பெரிதும் வழுக்கி வீழும் இடம் இதுவே.

எனினும், உறுப்பாகிய காலுக்கும் கணக்கிற் காலுக்கும் உள்ள உறவு எளிதிற் புலப்படுவது. ஆவும் எருமையும் நான்கு காலின. நான்கனுள் ஒன்று கால். ஆகவே எப்பொருளின் நாற்கூற்றில் ஒன்றும் 'கால்' எனப் பெயர் பெற்றது எனலாம். மலையாளத்திலும் கன்னடத்திலும் இச்சொல் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்றலின், இது திராவிட மொழிகளின் பொதுச்செல்வம் என்பது தெளிவு. தமிழ்க் கீழ்வாய் எண்ணில் இதன்மேல் ஒரு வரிசையே எழுந்தது: காலிற் பாதி அரைக்கால், மூன்று கால் சேர்ந்தது முக்கால். பழங்கணக்கர் காலை 'வ' என்னும் எழுத்து வடிவாலும், எட்டை 'அ' என்னும் வடிவாலும் எழுதினர். ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று எட்டையும் காலையும் கூட்டி 'அவ' என்று ஒலிக்கச் செய்து வசை பாடுவது இக்குறியீட்டின் பயிற்சிக்குச் சான்று.

வடமொழியிலும் இதே கருத்து உண்டு. 'பாதம்' என்பது காலையும் குறிக்கும், நாற்கூற்றில் ஒன்றையும் குறிக்கும். கி.பி. 499 அளவில் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயம், வட்டச் சுற்றளவின் நாற்கூற்றினைப் 'பரிதிபாதம்' என்கின்றது. அந்நூல் கால்வட்டத்தை 24 கூறாக்கி, 225 கலைக்கு ஒன்றாக அரைநாண்களின் அளவைக் காட்டும். வானநூலார் கால்வட்ட வடிவான கருவியைத் 'துரீய யந்திரம்' என்றனர். துரீயம் என்பது நான்காவது. வேதாந்தம் கூறும் துரிய நிலையும் இச்சொல்லே. அராபியர் 'ருபு' என்றதும் நாற்கூறு என்ற பொருளிலேயே. ஆங்கிலேயர் வழங்கும் 'குவாட்ரன்ட்' என்பதன் மூலம் 'குவாட்ரன்ஸ்' என்னும் இலத்தீன் சொல். உரோமர் தம் 'அஸ்' என்னும் நாணயத்தின் நாற்கூறான காசுக்கும் அதுவே பெயர்.

இவற்றை ஒப்பு நோக்கின் ஒரு வேறுபாடு புலனாகும். இலத்தீனும் அராபியும் எண்ணின் பெயரால் இக்கூற்றை அழைத்தன. தமிழும் வடமொழியும் உடலுறுப்பின் பெயரால் அழைத்தன. தமிழ் வடமொழியைப் பின்பற்றியதென்றோ, வடமொழி தமிழைப் பின்பற்றியதென்றோ இதனால் முடிவு கட்டல் ஆகாது. ஆனிரை காத்த மக்கள் எவர்க்கும் இக்கருத்துத் தானே தோன்றவல்லது. சொல்லுருவம் தமிழுக்கு உரியது என்பதே துணியத்தக்கது. 'வட்டம்' என்ற பிற்பகுதி குறித்தோ அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. 'விருத்தம்' என்னும் வடசொல் பிராகிருதத்தில் 'வட்ட' எனத் திரிந்து வந்தது என்பர் ஒரு சாரார். தமிழ் வேரினது என்பர் மறு சாரார். எவ்வாறாயினும் நெடுங்காலமாகத் தமிழில் நிலைபெற்ற சொல் அது.

சொல் மட்டுமன்றி, அதனைக் கணக்கிடும் முறையும் தமிழில் உண்டு. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், சுற்றளவிற் பாதியை விட்டத்திற் பாதியாற் பெருக்க வட்டத்தின் பரப்புக் கிடைக்கும் என விதிக்கின்றது. விட்டம் 14 எனின் சுற்றளவு ஏறத்தாழ 44. 22ஐ 7ஆற் பெருக்கப் பரப்பு 154. இதிற் கால் முப்பத்தெட்டரை. அதுவே கால்வட்டத்தின் பரப்பு. அதன் வில்லின் நீளம் 11.

இவ்வாராய்ச்சியின் பயன் யாது? கலைச்சொல் பயில்வோனுக்குத் தானே பொருள் விளக்க வேண்டும். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இற் கூட்டிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர், 1892இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார். அவர்போன்றோர் முயற்சியின் பின்னரும் ஈழத்தார் 'ஆரை' என்பதைத் தமிழகத்தார் 'ஆரம்' என்பர். ஈழத்தின் 'ஆரைச்சிறை' அங்கே 'வட்டக்கோணப் பகுதி' ஆகும். ஒரு கரையில் அச்சிட்ட நூலை மறு கரை மாணவன் கற்கும்போது இவ்வேறுபாடு இடர் தருவது. கால்வட்டம் என்பதோ இரு கரையினர்க்கும் விளக்கவுரை வேண்டாத சொல். மக்கள் வழக்கில் உள்ள எண்ணும் பெயரும் கூடி அமைந்தமையே அதன் காரணம். புதுச்சொல் ஆக்குவோர் அகராதியைப் புரட்டுமுன் வழக்கினை நோக்குதல் வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று இல்லை. உன்னிச்சையில் நெல் அளக்கும் தந்தையிடம் காலையும் அரைக்காலையும் கேட்டறிந்த சிறுவன், கரும்பலகையில் ஆசிரியர் கால்வட்டம் வரையும்போது அதன் பொருளிற் பாதியை வீட்டிலேயே கற்றவனாக அமர்ந்திருக்கின்றான்.